மூன்றாவது மெஷினின் எதிரி

“ஆள் யாருன்னு மட்டும் சொல்லுங்க மேடம். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

சொல்லிக்கொண்டே நீலத் திரைச்சீலையை ஒதுக்கிப் பிடித்தான் சண்முகராஜ். தேவசேனா குனிந்து உள்ளே நுழைந்தாள். அவளுக்குப் பின்னால், குரங்குக் குல்லாயைக் கழற்றாமலே ஜெயமுருகன்.

திரைக்கு முன்பக்கம் குழந்தைகளுக்கான கேம்ஸ் சென்டர். கொடைக்கானல் ஏரியைச் சுற்றி முடித்த டூரிஸ்ட் குடும்பங்கள் வந்து, பெட்டிக்குள் கிடக்கும் கரடி பொம்மையைத் தூக்கப் பார்த்துவிட்டுப் போகிற இடம். திரைக்குப் பின்பக்கம் ஜன்னலே இல்லாத ஒரு நீள அறை. சுவரோரமாக, ஆளுயரத்துக்கு ஐந்து சூதாட்ட மெஷின்கள். டோக்கனைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் கண்ணாடிக்குள் மூன்று சக்கரங்கள் சுழலும். மூன்றும் ஒரே படத்தில் நின்றால் தட்டில் டோக்கன் கொட்டும். கவுன்ட்டரில் கொடுத்து ரூபாயாக வாங்கிக்கொள்ளலாம். சட்டப்படி இந்த அறையே இருக்கக் கூடாது.

“அஞ்சு பேரும் வாயைத் திறந்துக்கிட்டு வரிசையா நிக்கிறதைப் பாத்தா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரியே இருக்கு மேடம்,” என்றான் ஜெயமுருகன். சீசனில் டாக்ஸி ஓட்டுவான். மற்ற மாதங்களில் அவன் தேவசேனாவின் உதவியாளன். வாய் மட்டும் வருஷம் முழுக்க ஓடும்.

தேவசேனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினெட்டு வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவள். விருப்ப ஓய்வு வாங்கித் துப்பறியும் ஆபீஸ் திறந்து நான்கு வருஷமாகிறது. வந்ததெல்லாம் கல்யாண விசாரணைதான். பையன் குடிப்பானா, வேலை நிஜமா. அலுத்துப்போய் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானத்தில் சண்முகராஜ் வந்து, “உங்க மூளைக்குத் தகுந்த கேஸ் மேடம்,” என்றான். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டாள். என்ன இடம் என்று தெரிந்தேதான் அட்வான்ஸை வாங்கினாள். கண்டுபிடிக்கிறது மட்டுந்தானே என் வேலை என்று இரண்டு நாளாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஆறு வாரத்துல நாலு தடவை,” என்றான் சண்முகராஜ். “எவனோ டோக்கன் போடற ஓட்டையில எதையோ திணிச்சுட்டுப் போயிடறான். மதுரையிலேர்ந்து மெக்கானிக் வந்தாத்தான் சரியாகும். ஒவ்வொரு தடவையும் நாலு நாள் போச்சு.”

“கேமரா இல்லையா?”

“இங்க கேமரா வெச்சா எவன் மேடம் உள்ள வருவான்?”

“அப்போ போலீஸ்ல சொல்லலாமே,” என்று ஜெயமுருகன் அப்பாவியாகக் கேட்டான். சண்முகராஜ் அவனை ஒரு பார்வை பார்த்தான்.

“எந்த மெஷின்?” என்றாள் தேவசேனா.

“நாலு தடவையும் இதேதான். மூணாவது.”

மற்ற நான்கிலும் பெரிய பரிசுக்குரிய படம் ஏழு என்ற எண். மூன்றாவதில் மட்டும் அந்த இடத்தில் நீலமும் பச்சையுமாக மயில்.

“நான்தான் ஸ்டிக்கர் அடிச்சு மாத்தினேன்,” என்றான் சண்முகராஜ் பெருமையாக. “பழனிப் பக்கத்து சனங்களுக்கு ஏழைவிட மயில்தான் ராசி. ஓட்டம் நல்லா இருந்தா எல்லாத்துலயும் மாத்தலாம்னு இருந்தேன். நேத்துதான் ரிப்பேர் பண்ணினது. சும்மா போட்டுப் பாருங்க மேடம்.”

பத்து டோக்கனை அவள் கையில் வைத்துவிட்டு முன்பக்கம் போனான். ஜெயமுருகன் டீ வாங்கக் கிளம்பினான்.

எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தானே எப்படிக் கெடுத்தான் என்று தெரியும். அதற்காகத்தான் அவள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். முதல் மூன்று டோக்கனுக்கு ஒன்றுமில்லை. நான்காவதற்கு எலுமிச்சை மூன்று. தட்டில் கலகலவென்று ஏதோ விழுந்தது. ஏழாவதில் மயில் ஒன்று, மயில் இரண்டு, மூன்றாவது மயில் கண்ணாடியின் நடுக்கோட்டுக்கு ஒரு நகக்கண் கீழே வந்து நின்றது. ஒரே ஒரு நகக்கண். அடுத்ததில் வந்துவிடும் என்று விரலுக்கே தெரிந்த மாதிரி இருந்தது.

“மேடம்.”

சக்கரம் சுழன்றது.

“மேடம்! மூணு தடவை கூப்பிட்டேன்.”

திரும்பினாள். ஜெயமுருகன் கையிலிருந்த டீயில் ஆடை படிந்திருந்தது. மணி பார்த்தாள். நாற்பது நிமிஷம் போயிருந்தது. மடியில் ஹேண்ட்பேக் திறந்து கிடந்தது. சண்முகராஜ் தந்த பத்து டோக்கன் எப்போதோ தீர்ந்துபோய், அவள் கவுன்ட்டருக்கு எழுந்து போய்த் தன் சொந்தப் பணத்தில் வாங்கி வந்து போட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போனது ஞாபகம்கூட இல்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ‘முருகா’ என்று வாய்விட்டுச் சொன்னது மட்டும் நன்றாக ஞாபகம் வந்தது. காது மடல் சுட்டது.

“டெஸ்ட் பண்ணிட்டிருந்தேன்,” என்றாள்.

“தெரியுது மேடம்,” என்றான் ஜெயமுருகன். அவன் அதற்கு மேல் கிண்டல் செய்யாததுதான் அவளுக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

மெக்கானிக் நோண்டி எடுத்ததை ஒரு விபூதி டப்பாவில் போட்டு வைத்திருந்தான் சண்முகராஜ். பழுப்பு மஞ்சளாக ஓர் உருண்டை. தேவசேனா விரலுக்கிடையில் வைத்து உருட்டினாள். சூட்டில் இளகியது. முகர்ந்தாள்.

“சாக்லேட்டா?” என்றான் ஜெயமுருகன். “நம்ம ஊர்ல எதைக் கிண்டினாலும் ஹோம்மேட்னு எழுதி வித்துருவாங்க.”

“தேன் வாசனை. கூடவே பைன் மரத்து வாசனை. கடைப் பசை இல்ல, கையால காய்ச்சினது.”

இதைச் சொல்லக்கூடியவர் பள்ளங்கி கிராமத்துக்குப் போகிற வழியில் பேரிக்காய்த் தோட்டம் வைத்திருக்கும் ஞானவேல்தான். பகல் பன்னிரண்டு மணிக்கே ரோட்டில் மேகம் இறங்கியிருந்தது. “ரோடு எங்க இருக்குன்னு கண்ணால பாத்து ஓட்டலை மேடம், ஞாபகத்துல ஓட்டறேன்,” என்றான் ஜெயமுருகன்.

ஞானவேல் டப்பாவைத் திறந்ததுமே சிரித்துவிட்டார்.

“இது எங்கையால காய்ச்சினதும்மா. ஒட்டு மெழுகு. தேன்மெழுகும் பைன் பிசினும் சேத்துக் காய்ச்சி, செடிக்கு ஒட்டுக் கட்டினதும் வெட்டு வாயில பூசுறது. தண்ணி எறங்காது.”

“யார் யாருக்குக் குடுத்தீங்க?”

“இந்த வருசம் ரெண்டே பேருதான். பள்ளங்கி வேல்ராஜுக்கு ஒரு கட்டி. ஏரிக்குக் கீழ நர்சரி வெச்சிருக்குல்ல பாண்டிச்செல்வி, அந்தப் புள்ளைக்கு ஒரு கட்டி. அது ரோசாவுக்கு ஒட்டுக் கட்டும்.”

வேல்ராஜ் என்றதும் ஜெயமுருகன் நிமிர்ந்தான். சண்முகராஜ் சந்தேகப்பட்ட முதல் பெயரும் அதுதான். வேல்ராஜின் தம்பி அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்தே அழிந்தவன்.

“முடிஞ்சுது மேடம். வெரசாப் போனா மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள கேஸை மூடிடலாம்.”

வேல்ராஜ் கேரட் வயலில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தான். வந்த விஷயத்தைச் சொன்னதும் மண்வெட்டியை ஊன்றி நின்றான். பக்கத்து வயலைக் கைகாட்டினான். களை மண்டிப் போயிருந்தது.

“அது எந்தம்பி பங்கு. விதைப்பூண்டு மூணு மூட்டை எடுத்து வெச்சிருந்தோம். நடவுக்கு மொத நாளு வெள்ளனே தூக்கிட்டுப் போயி வித்து, அந்த மெஷினுக்குள்ள போட்டுட்டு வந்து நின்னான். அப்புறம் ஊர்லயே இருக்க வெக்கப்பட்டுத் திருப்பூருக்கு ஓடிட்டான். நெலம் சும்மா கெடக்கு. அவன் பொண்டாட்டி கூலிக்குக் களையெடுக்கப் போறா.”

“அதனால நீங்க...”

“நானா? மெழுகு திணிக்கவா?” வேல்ராஜ் அவளைப் பார்த்தான். “நான் வந்தா தீயத்தான் வெப்பேன். அஞ்சுக்கும் சேத்து. ஒண்ணை மட்டும் கெடுத்துட்டு நாலை விட்டுட்டு வருவனா? ஆமா, நீங்க போலீசுல இருந்தவங்கதானே. அவனுக்காகவா இம்புட்டு தூரம் வந்தீங்க?”

தேவசேனா கிளம்பினாள். வரப்பில் திரும்பி நடந்தபோது செருப்பு சேற்றில் இழுத்துக்கொண்டே வந்தது.

பாதி வழியில், “வண்டியை ஓரமா நிறுத்துங்க,” என்றாள்.

“வேல்ராஜ் இல்லைன்னு நினைக்கறீங்களா மேடம்?”

“அவன் சொன்னது சரி. வெறுப்புல வர்ற ஆளு அஞ்சையும் கெடுப்பான். போட்டிக் கடைக்காரனும் அஞ்சையும் கெடுப்பான். ஒண்ணை மட்டும் கெடுக்க யாருக்குத் தோணும்?” அவள் கண்ணாடிக்கு வெளியே மேகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “காலையில நீங்க கூப்பிட்டப்போ நான் எந்திரிச்சேன்ல? அப்போ நான் என்ன நினைச்சேன் தெரியுமா? இந்த மெஷின் இப்பவே உடைஞ்சு போயிட்டா எவ்வளவு நல்லா இருக்கும்னு நினைச்சேன். மத்த நாலைப் பத்தி நினைக்கவே இல்லை. ஏன்னா அதுங்ககிட்ட எனக்கு ஒண்ணுமில்லை. இதுகிட்டதான் திரும்பிப் போயி உக்காரணும்னு இருந்துச்சு.”

ஜெயமுருகன் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நாப்பது நிமிஷத்துல எனக்கே அப்படித் தோணுச்சுன்னா, மாசக்கணக்கா உக்காந்த ஆளுக்கு? அதைக் கெடுக்கற ஆளு மெஷினோட எதிரி இல்ல ஜெயமுருகன். அதை விட முடியாத ஆளு.”

நர்சரியில் பாதிப் பலகைகள் காலி. தொட்டி இருந்த இடங்களில் வட்ட வட்டமாகப் பாசித் தடம் மட்டும் இருந்தது. நாற்பது வயதுக்கு மேலிருக்கும் ஒருத்தி, ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டுக்கொண்டு ரோஜாக் குச்சியைச் சீவிக்கொண்டிருந்தாள். சுவரில் மகளிர் குழு போட்டோ. நடுவில் மாலையோடு அவளே. குழுத் தலைவி பாண்டிச்செல்வி.

“மயிலுக்குத் தீனி போடறவங்க நீங்கதானாக்கா?” என்றான் ஜெயமுருகன்.

கத்தி கீழே விழுந்தது. ஜெயமுருகன் மெதுவாகக் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். சண்முகராஜ் அனுப்பித்தான் வந்தோம் என்பதைத் தேவசேனா சொன்னாள்.

“எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது,” என்றாள் பாண்டிச்செல்வி. “அவரு தண்ணி லாரி ஓட்டுறாரு. குழு மீட்டிங்குன்னு சொல்லிட்டுப் போவேன். எல்லாருக்கும் புத்தி சொல்ற எடத்துல இருக்கேன் நானு. கேம்ஸ் கடை வாசலுக்குப் பூந்தொட்டி குடுக்கப் போனப்போ கடைக்காரரு ஒரு டோக்கன் குடுத்தாரு, சும்மா போட்டுப் பாருங்கக்கான்னு. பழனியில பொறந்தவ நான். மொதத் தடவையே ரெண்டு மயிலு வந்து நின்னுச்சு.”

“மூணாவது ஒரு நகக்கண் கீழ.”

பாண்டிச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

தேவசேனா தலையைக் குனிந்துகொண்டாள்.

“செயிக்கிறதுக்காகப் போறதா நெனைப்பாக. அது இல்லக்கா. வீட்டுல, கடையில, குழுவுலன்னு நாளெல்லாம் யாராச்சும் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாக. அது முன்னால உக்காந்தா ஒருத்தரும் கூப்பிடறதில்ல. எம்பேரே எனக்கு மறந்துரும். அம்புட்டு சொகமா இருக்கும். எந்திரிச்சு வெளிய வந்தா, ரோட்டுல போற நாய்கூட என்னையப் பாத்துக் காறித் துப்புற மாதிரி இருக்கும். அதான் கெளம்பறப்போ மெழுகை உருட்டித் திணிச்சுட்டு வந்துருவேன். நாலு நாளு நிம்மதியாத் தூங்குவேன். அஞ்சாம் நாளு ரெடியாயிருச்சுன்னு கடைக்காரரே போன் போட்டுச் சொல்லுவாரு.”

அவள் சட்டென்று தேவசேனாவின் கையைப் பிடித்தாள். உள்ளங்கை முழுக்க முள் கீறல்.

“கடைக்காரருகிட்ட எம்பேரைச் சொல்லிருங்கக்கா. இவதான் செஞ்சான்னு சொல்லிருங்க. கோவத்துல என்னைய உள்ளயே விட மாட்டாருல்ல? நானா நிக்கமுடியலை. அவரு கதவைச் சாத்தினாத்தான் உண்டு.”

தேவசேனாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கேஸும் முடியும், இவளுக்கும் விடிவு கிடைக்கும், தன் மனசாட்சிக்கும் ஒரு பதில் கிடைக்கும். நேராகச் சண்முகராஜிடம் போனாள். ஆளைத் தொடக்கூடாது என்று முதலில் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பிறகு பெயரைச் சொன்னாள்.

சண்முகராஜ் ஒரு நிமிஷம் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தான். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“நம்ம பாண்டிச்செல்வி அக்காவா! நான் என்னமோ எதிரின்னு நினைச்சுப் பயந்து கெடந்தேன் மேடம். இந்த மெஷின் ஓடறதே அவங்களாலதான்.”

“அவங்களை இனிமே உள்ள விடாதீங்க. அவங்களே அதைத்தான் கேக்கறாங்க.”

“கேப்பாங்க. எல்லாரும் கேப்பாங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டான். “அக்கா, சண்முகராஜ் பேசறேன். கோவமெல்லாம் ஒண்ணுமில்லக்கா. மயிலு ரெடி. உங்களுக்காக இருபது டோக்கன் எடுத்து வெச்சிருக்கேன், காசு வேணாம். வாரீங்களா?”

போனில் மூச்சு மட்டும் கேட்டது. ‘மாட்டேன்னு சொல்லுங்க’ என்று தேவசேனா மனசுக்குள் கத்தினாள். ஒரு லாரி போகிற சத்தம் கேட்டது. அப்புறம் மிக மெதுவாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை டீச்சருக்குப் பதில் சொல்கிற மாதிரி, “வாரேன்,” என்றது அந்தக் குரல்.

“பாத்தீங்களா?” என்றான் சண்முகராஜ். “உங்க வேலை சுத்தம் மேடம். மீதிப் பணத்தை வாங்கிட்டுப் போங்க.”

அவள் வாங்கவில்லை. வெளியே வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். குழந்தைகள் கரடி பொம்மைக்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வெட்கத்தை விட்டுத் தன் கையைப் பிடித்துச் சொன்ன ரகசியத்தை, அவளை நாசம் பண்ணுகிறவனிடமே கொண்டுவந்து கொடுத்தாயிற்று. இதற்குத்தான் மூளை.

“போலாமா மேடம்?” என்றான் ஜெயமுருகன்.

“ஸ்டேஷனுக்கு.”

எஸ்.ஐ. சௌம்யா எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். பயிற்சிக்கு வந்த காலத்தில் தேவசேனாவிடம் எஃப்.ஐ.ஆர். எழுதக் கற்றுக்கொண்டவள் அவள். புகாரைக் கேட்கக் கேட்க அவள் பேனா தயங்கியது.

“உள்ள எப்படிப் போனீங்க மேடம்?”

“கடைக்காரரே கூட்டிட்டுப் போனாரு. அவருக்கு வேலை பாக்க அட்வான்ஸ் வாங்கியிருந்தேன்.”

“சட்டவிரோதமான இடம்னு...”

“தெரியும். தெரிஞ்சுதான் வாங்கினேன்.”

“பணம் வெச்சு ஆடற மெஷின்னு எப்படி உறுதியாச் சொல்றீங்க?”

“நானே உக்காந்து ஆடினேன்.”

பக்கத்து மேஜைக் கான்ஸ்டபிள் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவளோடு ஒன்றாக வேலை பார்த்தவர். சௌம்யா குரலைத் தாழ்த்தினாள். “மேடம், இதையெல்லாம் எழுதணுமா? பேரில்லாத தகவல்னு போட்டுக்கலாமே.”

“எழுதும்மா. அதை விட்டா கேஸ் நிக்காது. பாதிக்கப்பட்டவங்க பேரை மட்டும் நான் சொல்ல மாட்டேன். அதை ஒருத்தர்கிட்ட சொல்லிட்டேன், அதுவே போதும்.”

கையெழுத்துப் போட்டாள். சாட்சி என்ற இடத்தில் ஜெயமுருகன், கேட்காமலே, தன் பெயரை எழுதினான்.

மறுநாள் மத்தியானம் ஐந்து மெஷின்களும் லாரியில் ஏறின. சண்முகராஜை ஜீப்பில் ஏற்றியபோது அவன் தேவசேனாவைப் பார்த்துக் காறித் துப்பினான். கூட்டத்தில் யாரோ, “அவன்கிட்ட காசையும் வாங்கிட்டு அவனையே புடிச்சுக் குடுத்துருக்கு பாரு இந்தம்மா,” என்றார்கள். பொய்யில்லையே, கேட்டுக்கொண்டாள்.

கூட்டத்தின் ஓரத்தில் பாண்டிச்செல்வி. மூன்றாவது மெஷின் லாரியில் சாய்ந்தபோது, விழப்போகிற குழந்தையைத் தாங்குகிற மாதிரி அவள் கை தன்னால் முன்னே வந்தது. பிறகு தேவசேனாவிடம் வந்தாள். நன்றி சொல்லவில்லை.

“மலைக்குக் கீழ இதே மாதிரி ஒரு எடம் இருக்குதாம்,” என்றாள். “பஸ்சுல ரெண்டு மணி நேரம். அந்த ரெண்டு மணி நேரத்துல மனசு மாறிரும்லக்கா?”

தேவசேனா ஹேண்ட்பேக்கிலிருந்து பேனாவை எடுத்தாள். போன் நம்பரை எழுதிக் கொடுத்தாள். “ஏறுறதுக்கு முன்னாடி கூப்பிடுங்க. எந்த நேரமா இருந்தாலும்.”

மூன்றாம் நாள் காலை பத்தரைக்குப் போன் அடித்தது. இன்ஜின் உறுமும் சத்தம், நடுவில் கண்டக்டர் விசில்.

“அக்கா, பஸ் கெளம்பப் போவுது. படியில ஒரு காலை வெச்சுட்டேன்.”

“காலை எடுங்க. எடுத்துட்டு அங்கயே நில்லுங்க. நான் வாரேன்.”

போன் கட்டாகிவிட்டது. ஜெயமுருகன் அதற்குள் காரைக் கிளப்பியிருந்தான். ஏரி ரோட்டில் குதிரைக்காரர்களை ஒதுக்கிக்கொண்டு அவன் ஓட்டிய ஓட்டத்தில், அவர்கள் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தபோது அந்த பஸ் கிளம்பிப் போயிருந்தது. புகை மட்டும் பனியோடு கலந்து நின்றது.

பயணிகள் பெஞ்சின் ஓரத்தில், மடியில் பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாண்டிச்செல்வி உட்கார்ந்திருந்தாள். தலை நிமிரவில்லை.

“அடுத்த பஸ் பதினொண்ணு இருபதுக்கு,” என்றாள்.

தேவசேனா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சரி. அது போற வரைக்கும் உக்காந்திருப்போம்.”